சங்கீதம் தெரியாமல், பைத்தானில் ரேண்டமாக இசை உருவாக்க முடியுமா?

கேட்டவர் குறிப்பு: பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ரேண்டம் எண்களை வைத்து ஒலி எழுப்பிப் பார்த்தேன், நாராசமாக இருக்கிறது. சங்கீதம் தெரிந்தவர்களால்தான் இது முடியுமா?

முடியும். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனாலும் செய்திருக்கிறேன். தெரியாது என்று தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் பாட்டு கிளாஸில் சேர்த்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் வாத்தியார் என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே அம்மாவிடம், "இவனுக்குச் சுருதி சேராதும்மா, பணத்தை வீணாக்காதீங்க" என்று சொன்னார். அவர் சொன்னது தப்பில்லை. இன்றைக்கும் சேராது. ஆனால் மறக்கவும் இல்லை, அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வேலையை ஓரம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. 200க்கும் 2000க்கும் நடுவே ஏதோ ஒரு எண்ணை அதிர்வெண்ணாக எடுத்து, அதை ஒலியாக்கி, திரும்பத் திரும்ப ஓடும்படி லூப்பில் போட்டிருப்பீர்கள். இரண்டு பூனைகள் மாடியில் சண்டை போடுவது மாதிரி கேட்டிருக்கும். எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். நானும் செய்தேன், 1998இல், பிளஸ் ஒன் படிக்கும்போது.

எங்கள் பள்ளி லேபில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். க்யூபேசிக் என்ற பழைய புரோகிராமிங் மொழியில் 'சவுண்ட்' என்று ஒரு கட்டளை உண்டு, அதிர்வெண்ணும் நேரமும் கொடுத்தால் பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் கத்தும். 'ஆர்என்டி' என்ற கட்டளை 0க்கும் 1க்கும் நடுவே ஒரு ரேண்டம் எண்ணைத் தரும். நான் 200உடன், அந்த எண்ணை 800ஆல் பெருக்கிக் கூட்டி, முடிவே இல்லாத லூப்பில் போட்டு ஓடவிட்டேன். அந்த ஸ்பீக்கருக்கு வால்யூம் குமிழ் கிடையாது. கன்ட்ரோலும் பிரேக்கும் சேர்த்து அழுத்தினால் நிற்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. லேபே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்தார்கள். கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன், அதற்கு ஒரு வாரம் லேபுக்கு வெளியே செருப்புகளோடு நின்றேன்.

சொல்ல வந்தது அதுவல்ல. தண்டனை முடிந்து திரும்பவும் அதே புரோகிராமை, இந்த முறை இருபது ஸ்வரத்தோடு நிற்கும்படி ஓட்டினேன். அதே பாட்டு. மறுநாளும் அதே பாட்டு. நான்கு நாள் கழித்து என் பெஞ்ச்காரன் அதை அட்சரம் பிசகாமல் விசிலடித்துக் காட்டி, "இதுதான்டா உன் ரேண்டமா?" என்று கேட்டான். 'ரேண்டமைஸ் டைமர்' என்று ஒரு வரி மேலே போடாவிட்டால் க்யூபேசிக் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்தான் எண்களைத் தரும். முதல் எண் எப்போதும் 0.7055475. ஆக, என் கீர்த்தனையின் முதல் ஸ்வரம் என்றைக்கும் 764 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர் பகடை உருட்டுவதில்லை, ஒரு கணக்கைப் போட்டுப் போட்டு, பார்க்கத் தாறுமாறாகத் தெரியும் எண்களைத் தருகிறது, அவ்வளவுதான். கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு 'சீட்', விதை, என்று பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அப்புறம் 22 வருடம் அதைத் தொடவில்லை. 2020 ஊரடங்கில் பைத்தானில் 'வின்சவுண்ட்' என்ற மாட்யூல், அதாவது ரெடிமேட் கட்டளைத் தொகுப்பு, கண்ணில் பட்டது. அதில் 'பீப்' இருக்கிறது, அதிர்வெண்ணும் மில்லிசெகண்டும் கொடுக்கலாம், கிட்டத்தட்ட அதே பழைய சவுண்ட்தான். விண்டோஸில் மட்டும் ஓடும். லினக்ஸ்காரராக இருந்தால் 'வேவ்' மாட்யூலால் ஒரு ஃபைலாக எழுதிக் கேளுங்கள். இந்த முறை மூளை கொஞ்சம் வேலை செய்தது. எந்த எண் வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டதால்தானே நாராசம்? வரக்கூடியதைச் சுருக்கினால்?

எட்டே எண்களை ஒரு லிஸ்டில் போட்டேன்: 196, 220, 262, 294, 330, 392, 440, 523. 262ஐ ஸ என்று வைத்துக்கொண்டால் இவை கீழ் ப, கீழ் த, ஸ, ரி, க, ப, த, மேல் ஸ. அதாவது மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்கள், கீழும் மேலும் கொஞ்சம் நீட்டி. வீட்டில் ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால் கறுப்புக் கட்டைகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிப் பாருங்கள், இதே இடைவெளிகள்தான் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்து அரை ஸ்வரம் எதுவுமே இந்த ஐந்தில் இல்லை. அதனால் எதற்குப் பின் எது வந்தாலும் பெரிதாக உறுத்தாது. சங்கீதம் தெரியாதவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

இயர்போன் அறுந்திருந்ததால் லேப்டாப் ஸ்பீக்கரிலேயே ஓட்டினேன். அம்மா கூடத்தில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாருடா அது மோகனம் வாசிக்கிறது? எதுக்கு இப்படித் தாவுறான்?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றால் மிகை. ஆனால் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நடந்த திருத்தமெல்லாம் அம்மா சொன்னது, நான் தட்டியது. தாவாதே என்றாள். சரி, ஸ்வரத்தை ரேண்டமாக எடுப்பதை நிறுத்திவிட்டு, அடியை ரேண்டமாக எடுத்தேன்: இப்போது நிற்கும் இடத்திலிருந்து ஒரு படி மேலே, ஒரு படி கீழே, எப்போதாவது இரண்டு படி. ஓரத்துக்கு வந்தால் திரும்பிவிட வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பீப் சத்தம் பாட்டு மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டது. நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய லாபம் தரும் வரி வேறில்லை.

அடுத்து, "தாளம் எங்கே?" என்றாள். நான் நேரத்தையும் ரேண்டமாக விட்டிருந்தேன், 137 மில்லிசெகண்ட், 512 மில்லிசெகண்ட் என்று. அதைத் தூக்கிவிட்டு 300 அல்லது 600 மட்டும் என்று வைத்தேன். எட்டு எண்ணிக்கை, அதாவது 2400 ஆனதும் ஒரு சுற்று முடிந்தது. பூவைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் ஆதி தாளம் போட்டுக் காட்டினாள். "சுத்து முடியறப்ப ஸாவுக்கு வந்து சேரணும், வீட்டுக்கு வர்ற மாதிரி." அதற்கு ஒரு 'இஃப்', 'இப்படி ஆனால் இதைச் செய்' என்ற நிபந்தனை வரி. மொத்தம் இருபது வரி இருக்கும். புரோகிராமை இங்கே ஒட்டவில்லை, ஒட்டினால் காப்பி எடுத்துப் போய்விடுவீர்கள்.

இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே. "கமகம் இல்லாமல் மோகனமா?" இல்லைதான். கமகம் என்பது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. அசைவில்லாத பீப், ராகம் ஆகாது. அம்மாவே, "எலும்புக்கூட்டுக்குச் சட்டை மாட்டியிருக்கே" என்றுதான் சொன்னாள். "கம்ப்யூட்டர் போட்டது இசையா?" 1957இலேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் என்ற கம்ப்யூட்டரை வைத்து நான்கு தந்தி வாத்தியங்களுக்கு இசை எழுத வைத்தார்கள். அதுவும் ரேண்டம் எண்களை உண்டாக்கி, விதிக்கு ஒத்துவராததைத் தள்ளிவிடும் வேலைதான். அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இரண்டு பகடைகளை உருட்டி இசை கோக்கும் விளையாட்டு இருந்தது. மொசார்ட் பெயரில் வந்த ஒன்றில் ஒவ்வொரு துண்டுக்கும் 11 தேர்வுகள், இப்படி 16 துண்டுகள். அவர்தான் செய்தாரா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இருபது வரி எழுதிய என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு கோடிங் சொல்லித் தருகிறோம் என்று ஒரு ஆன்லைன் வகுப்பில் என் பெண்ணைச் சேர்த்தேன். "இப்ப சேர்க்கலைன்னா உங்க குழந்தை பின்தங்கிடும் சார்" என்று தினம் போன். 18,000 ரூபாய் கட்டினேன். ஆறு வாரம் கலர் கலராகக் கட்டங்களை இழுத்துவிட்டாள், ஒரு சான்றிதழ் வந்தது, 'இளம் விஞ்ஞானி' என்று. லூப் என்றால் என்ன என்று கேட்டேன், தெரியவில்லை. மீதிப் பணத்தைக் கேட்டால் போனை எடுக்க ஆளில்லை. இந்த இருபது வரியைத்தான் அவளோடு உட்கார்ந்து மறுபடி அடித்தேன். லிஸ்ட், லூப், இஃப், ரேண்டம் எல்லாம் இரண்டு சாயங்காலத்தில் புரிந்தது. காதில் விழுகிறதே, தப்பு எங்கே என்று அவளே சொல்லிவிடுகிறாள்.

சரி, விதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் ஓட்டிக்கொண்டே இருந்தபோது ஒரு சுற்று வந்தது. ப வரை ஏறி, அங்கேயே ஒரு நொடி தயங்கி, படிப்படியாக இறங்கி ஸாவில் உட்கார்ந்தது. அம்மா ஆய்வதை நிறுத்திவிட்டாள். "இதை இன்னொரு தடவை போடு." போட்டேன். வேறு வந்தது. மறுபடி போட்டேன், வேறு. க்யூபேசிக் மாதிரி இல்லை, பைத்தான் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தானே புது விதை எடுத்துக்கொள்ளும். பதினாறு வயதில் பாட்டு மாறவே மாட்டேன் என்றது, முப்பத்தெட்டில் போனது திரும்பி வரவே இல்லை. அம்மா முணுமுணுத்துக் காட்டினாள், அதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுருதி சேராத காது.

ஆகவே நீங்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்: 1 முதல் 9999க்குள் ஒரு எண்ணை எடுத்து, அதைத் திரையில் காட்டிவிட்டு, அதையே 'ரேண்டம்.சீட்' என்று கொடுத்துவிட்டு மற்றதை ஓட்டுங்கள். பிடித்திருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரின் பின்பக்கம் அம்மா கையெழுத்தில் பதினேழு எண்கள் இருக்கின்றன. 3186க்குப் பக்கத்தில் மட்டும் "தேவலை" என்று எழுதியிருக்கிறாள்.