வீட்டுக்குள் நன்றாக வளர்ந்த தக்காளி, மிளகாய் நாற்றுகள் மொட்டை மாடிக்குப் போனதும் கருகிவிடுகின்றன. மதுரையில் இருக்கிறேன். எனக்குக் கைராசி இல்லையா?

கைராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படி உங்களிடம் சொன்னவர் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். என் தம்பி மனைவியை இந்த ஒரு சொல் பல வருடங்கள் செடிப் பக்கமே போகவிடாமல் செய்தது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் நடந்ததை என்னால் ஊகிக்க முடிகிறது. குழித்தட்டில் தென்னை நார்க் கழிவை நிரப்பி, விதை போட்டு, சமையலறைச் சன்னலோரம் வைத்திருப்பீர்கள். நாற்று வெளிர்ப் பச்சையாக, நெடுநெடுவென்று, வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கும். நான்கைந்து இலை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் கொண்டுபோய்ப் பையில் நட்டிருப்பீர்கள். வீட்டு வேலை முடிந்து கை ஒழிய மணி பத்தாகியிருக்கும். மாலைக்குள் இலையெல்லாம் வெள்ளைத் திட்டு, தொட்டால் காகிதம் போல் சரசரப்பு.

தம்பி வீட்டில் அப்படித்தான் ஆனது. பழங்காநத்தத்தில் அடுக்குமாடி வீடு, பங்குனி மாத வெயில். அம்மா அவர்களோடுதான் இருக்கிறார். கருகிய நாற்றைப் பார்த்துவிட்டு, "உனக்குக் கைராசி இல்லை, விட்டுவிடு" என்று சொல்லிவிட்டார். அவள் எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. தட்டைக் கழுவிப் பரண்மேல் போட்டுவிட்டாள். வெகு காலம் கழித்து, "எனக்குச் செடி வராது மதினி" என்று என்னிடம் சொன்னபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

அம்மா சோழவந்தான் பக்கம் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவர். அவரிடம் நேராகவே கேட்டேன்: "தாத்தா கத்தரி நாற்று எப்படி விடுவார், சொல்லுங்கள்." சொன்னார். மேட்டுப்பாத்தியில் விதைத்து வைக்கோலால் மூடுவார்கள். முளை வந்ததும் வைக்கோலை எடுத்துவிடுவார்கள். வெயில் கடுமையாக இருந்தால் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, நாற்று தேறத் தேறக் கீற்றை ஒவ்வொன்றாக உருவுவார்கள். பறிப்பதற்கு முந்தைய வாரம் தண்ணீரைக் குறைப்பார்கள். பறிக்கிற அன்று பாத்தியை நன்றாக நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகே நடுவார்கள். "அப்படியென்றால் நிழலிலிருந்து நேராக வெயிலுக்கு எந்த நாற்றும் போகவில்லையே, அம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதன் பிறகு அந்தச் சொல்லை அவர் எடுத்ததே இல்லை. அடுத்த தட்டுக்கு விதை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னவரும் அவர்தான்.

நிழலில் வளர்ந்த இலையின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு மிக மெல்லியது. வெயிலும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால்தான் அது தடிக்கும், தண்டும் உரம் பெறும். அதற்கு முன்பே முழு வெயிலில் வைத்தால், இலை இழக்கும் நீரைச் சிறிய வேரால் ஈடுகட்ட முடியாது. இணையத்தில் வரும் வெளிநாட்டுக் காணொளிகளில் நாற்றைக் குளிருக்குப் பழக்கச் சொல்வார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊரில் நாற்றுக்கு எதிரி உச்சி வெயில்தான். ஆனி, ஆடியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இங்கே வறண்டு வீசுகிற மேல்காற்று.

தம்பி மனைவியும் நானும் செய்ததைச் சொல்கிறேன். வித்திலைகளுக்கு, அதாவது முளைக்கும்போது முதலில் விரியும் இரட்டை இலைகளுக்கு, மேல் இரண்டு, மூன்று இலை வந்ததும் குழித்தட்டிலிருந்து காகிதக் கோப்பைக்கு மாற்றினோம். கோப்பையின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். செம்மண், மக்கிய தொழு உரம், நார்க் கழிவு மூன்றும் சம அளவு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க் கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை அலசிப் பிழிந்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருக்கும் தெருவென்றால் இது இன்னும் முக்கியம். மாற்றுவதற்குச் சற்று முன் தட்டை நனைத்து, அடியிலிருந்து அழுத்தி வேர்க்கட்டி உடையாமல் எடுங்கள். பிடிக்க வேண்டுமானால் இலையைப் பிடியுங்கள், தண்டை நசுக்கினால் நாற்று தேறாது. தக்காளியை வித்திலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் பழைய ஆழத்திலேயே வையுங்கள்.

மாற்றிய கையோடு வெயிலில் காட்டாதீர்கள். மூன்று, நான்கு நாள் நிழலில் வேர் பிடிக்கட்டும். பிறகு காலை ஏழு மணி வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. உச்சி வெயிலைக் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் ஏழு முதல் பத்து நாள், கோடையென்றால் இரண்டு வாரம்கூட ஆகலாம். மாடித் தளத்தில் கோப்பையை நேரடியாக வைக்காமல் பலகை மேல் வையுங்கள், கான்கிரீட் சூடு வேரை வேகவைத்துவிடும். மேல்காற்றுக் காலத்தில் கைப்பிடிச் சுவர் ஓரம்தான் பாதுகாப்பு. இந்த நாட்களில் தழைச்சத்து உரம் எதுவும் வேண்டாம். தண்ணீரைக் குறையுங்கள், ஆனால் வாட விடாதீர்கள். பெரிய பைக்கு மாற்றுவதை மாலையில் செய்து, சில நாள் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழ் வையுங்கள். தக்காளிக்கு விதைத்து 25 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் நடுகிற வயது.

"விவசாயிகள் வாங்கிவந்த அன்றே வயலில் நடுகிறார்களே" என்று யாராவது கேட்பீர்கள். நல்ல நாற்றங்காலில் கொடுப்பதற்கு முன்பே நிழல்வலையை விலக்கிப் பழக்கியிருப்பார்கள். ஈரம் பாய்ந்த வயல் மண்ணும் மாடியில் நிற்கும் கறுப்புப் பையும் ஒன்றல்ல. நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை, உண்மைதான். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர்கள் இங்கே இருந்தால் திருத்துங்கள், மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். செய்து பார்க்காமல் கைராசி பேசுபவர்களுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அந்த மிளகாய்ச் செடிகள் பூவெடுத்த சமயத்தில், மாடியில் தொட்டி வைக்கக் கூடாது, தளம் கசியும் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவு செய்தார்கள். பலகை போட்டு, தட்டு வைத்து, ஒரு சொட்டு நீர் தேங்காமல்தான் வைத்திருந்தோம். அதே மாடியில் செல்பேசிக் கோபுரம் நிற்க வாடகை வாங்குகிறார்கள். அதற்காகத் தளத்தில் துளை போட்டபோது ஒருவரும் கசிவைப் பற்றிப் பேசவில்லை. பராமரிப்புக் கட்டணம் எல்லோரும் ஒரே மாதிரிதான் கட்டுகிறோம், மாடி மட்டும் எப்படிச் சிலருடையதாகிறது? தம்பி இன்னும் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். செடிகள் இப்போது கிழக்குப் பார்த்த பால்கனியில் இருக்கின்றன, காய்க்கவும் செய்கின்றன.

உங்கள் நாற்றுகளை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இலை வெளுத்திருந்தாலும் குருத்து பச்சையாக இருந்தால் நிழலுக்குக் கொண்டுவாருங்கள், புது இலை விடும். தண்டின் அடி பழுப்பாகிச் சுருங்கிச் சாய்ந்திருந்தால் அது வெயிலால் வந்தது அல்ல, நாற்றழுகல் என்ற பூஞ்சை நோய். அவற்றை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், அந்த நார்க் கழிவில் மறுபடி விதைக்காதீர்கள். அடுத்த முறை விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற, அந்த நோயை அடக்கும் நல்ல பூஞ்சைப் பொடியில் கலந்து போடுங்கள், கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. உங்கள் சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.