கேள்வி பதில்: ஜேர்மன் குடியுரிமைப் பரீட்சையின் வரலாற்றுக் கேள்விகள்

போன இதழில் குடியுரிமை விண்ணப்பத்துக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பரீட்சையைப் பற்றித்தான், அதிலும் வரலாற்றுக் கேள்விகளைப் பற்றி. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

அக்கா, எனக்கு 52 வயது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஃபோனில் ஒரு ஆப்பை வைத்து 310 கேள்வியையும் பாடமாக்குகிறேன். சட்டம், தேர்தல் எல்லாம் சரி வருகிறது. வருசம் கேட்டால் 1949, 1953, 1961 எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போகிறது. ஒருமுறை எழுதி 15 தான் சரி வந்தது. என்ன செய்யலாம்?
வாசகி, டோர்ட்முண்ட்

தங்கச்சி, 15 எடுத்ததற்கு மனம் உடைய வேண்டாம். 33 கேள்வியில் 17 சரியென்றால் பாஸ், உங்களுக்கு இரண்டே இரண்டுதான் குறைந்திருக்கிறது. எத்தனை தடவையும் திரும்ப எழுதலாம், ஒவ்வொரு தடவையும் 25 யூரோ கட்ட வேண்டும். ஒரு மணித்தியாலம் தருகிறார்கள், அது தாராளம்.

ஆனால் படிக்கிற விதத்தை மாற்றுங்கள். ஆப் கேள்விகளைக் கலைத்துப் போடும், 1961க்குப் பிறகு 1933 வரும், அதற்குப் பிறகு கொடியின் நிறம் வரும், அப்படிப் படித்தால் யாருக்கும் வருசம் மனதில் நிற்காது. கதையாகப் படியுங்கள்.

1945 மே 8, ஜேர்மனி சரணடைந்து ஐரோப்பாவில் போர் முடிகிறது. வென்ற அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரித்தானியா, பிரான்ஸ் நான்கும் நாட்டை நான்கு பகுதியாகப் பிரித்து ஆளுகின்றன. பேர்லின் நகரம் சோவியத் பகுதிக்கு நடுவில் கிடக்கிறது, ஆனால் அதையும் நான்காகப் பிரிக்கிறார்கள். (இதை மறக்காதீர்கள், கீழே இன்னொரு கடிதத்துக்கும் இதுதான் விடை.) 1948 ஜூனில் மேற்குப் பகுதிகளில் டி-மார்க் என்ற புதுக் காசு வருகிறது. உடனே சோவியத் மேற்கு பேர்லினுக்குப் போகிற தரை வழி, நீர் வழி எல்லாவற்றையும் அடைக்கிறது, மேற்கு நாடுகள் ஏறக்குறைய ஒரு வருசம் நிலக்கரியையும் மாவையும் விமானத்தில் கொண்டுவந்து இறக்குகின்றன. இவ்வளவு பகை வந்த பிறகு ஒரே நாடாக எப்படி இருப்பது? 1949 மே 23 மேற்கில் அடிப்படைச் சட்டம், அதாவது அரசியலமைப்பு, அதே வருசம் ஒக்டோபர் 7 கிழக்கில் டே டே எர் என்ற தனி நாடு. கிழக்கில் அதே சம்பளத்துக்கு வேலை அளவைக் கூட்டினார்கள், 1953 ஜூன் 17 தொழிலாளர் வீதிக்கு இறங்கினார்கள், சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. சனம் மேற்குக்குப் போய்க்கொண்டே இருந்தது, 1961 வரைக்கும் 25 லட்சத்துக்கும் மேல். டாக்டரும் நர்சும் என்ஜினியரும் போய்விட்டால் ஒரு நாடு என்ன செய்யும்? 1961 ஓகஸ்ட் 13 விடியும்போது மேற்கு பேர்லினைச் சுற்றி முட்கம்பி, பிறகு மதில்.

இப்படிப் படித்தால் மதிலைக் கட்டியது யார் என்ற கேள்விக்கு நீங்கள் பாடமாக்கவே தேவையில்லை. ஓடுகிற சனத்தைத் தடுக்க வேண்டியிருந்தவன் தானே கட்டுவான்?

என் மாலை வகுப்பில் நன்றாக வேலை செய்த வழி ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர் வருசத்தோடு முடிச்சுப் போடுங்கள். 1948 இலங்கைக்குச் சுதந்திரம், இங்கே புதுக் காசு. 1949 தமிழரசுக் கட்சி தொடங்கிய வருசம், இங்கே இரண்டு நாடு. 1953 அரிசி விலை ஏறி ஹர்த்தால் நடந்த வருசம், அது ஓகஸ்டில், இங்கே தொழிலாளர் எழுச்சி ஜூனில், இரண்டுமே வயிற்றோடு சம்பந்தப்பட்டது. 1961 யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம், இங்கே மதில். உங்கள் அப்பா அம்மா வாயால் கேட்ட வருசங்கள் இவை, மறக்காது.

அப்புறம் இரண்டு சொல். "மவுவர்பவ்" என்றால் மதில் கட்டியது, "மவுவர்ஃபால்" என்றால் மதில் விழுந்தது. பாதிச் சொல் ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் 1961க்குப் பதில் 1989ஐக் குறித்துவிட்டு வந்தவர்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர். கேள்விக்குள் "நிஷ்ட்" (இல்லை) என்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த ஒரு சொல் இருந்தால் விடை தலைகீழ்.

எங்களுக்கு ஊரில் நடந்ததே போதாதா? வேலை செய்கிறோம், வரி கட்டுகிறோம். ஹிட்லர் காலத்தில் இவர்கள் செய்ததை நாங்கள் ஏன் படித்துப் பரீட்சை எழுத வேண்டும்?
வாசகர், ஸ்டுட்கார்ட்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் 2011இல் எழுதும்போது இதே கேள்வியோடுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

என் வீட்டிலிருந்து ட்ராம் தரிப்பிடத்துக்குப் போகிற நடைபாதையில், ஒரு பேக்கரி வாசலுக்கு முன்னால், மூன்று பித்தளைச் சதுரங்கள் பதித்திருக்கிறது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். சனம் மிதித்து மிதித்து நடுப்பகுதி மினுங்கும், ஓரத்தில் கறுத்திருக்கும். "ஷ்டொல்பர்ஷ்டைன" என்று பரீட்சையில் கேட்கிறார்களே, அதுதான், இடறுகல். குந்தியிருந்து பார்த்தால்தான் எழுத்துத் தெரியும்: இங்கே வாழ்ந்தார், பெயர், பிறந்த வருசம், எந்த வருசம் கொண்டுபோகப்பட்டார், எங்கே கொல்லப்பட்டார். அப்பா, அம்மா, மகள். மகளின் இரண்டு வருசத்தையும் கழித்துப் பார்த்தேன், ஏழு வயது. ஏழெட்டு வருசம் அந்தக் கல்லின் மேலே பாண் வாங்கப் போய் வந்திருக்கிறேன், பரீட்சைக்குப் படித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். இப்படி ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் கல் இருக்கிறது. குன்டர் டெம்னிக் என்ற ஒரு கலைஞர் தொடங்கிய வேலை இது.

சரி, எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1933 ஜனவரி 30 ஹிட்லர் பிரதமராகிறார், சட்டப்படிதான். மார்ச் 23 நாடாளுமன்றமே வாக்களித்துத் தன் அதிகாரத்தை அவரிடம் கொடுக்கிறது. சார்பாக 444, எதிராக 94, அந்த 94ம் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை ஏற்கெனவே பிடித்தும் விரட்டியும் விட்டார்கள். பெரும்பான்மை கையை உயர்த்தினால் எதையும் சட்டமாக்கலாம் என்றால் சிறுபான்மைக்கு என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதனால்தான் 1949இல் அடிப்படைச் சட்டம் எழுதியவர்கள் முதல் வரியிலேயே மனித கண்ணியம் மீற முடியாதது என்று எழுதினார்கள், அந்த அடிப்படையை எந்தப் பெரும்பான்மையாலும் மாற்ற முடியாது என்று 79ஆம் பிரிவில் பூட்டும் போட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதியவர்களில் சிலர் நாஜி காலத்தில் சிறையில் இருந்தவர்கள், வேறு நாட்டுக்குத் தப்பிப் போயிருந்தவர்கள். அவர்கள் 16ஆம் பிரிவில் ஒரு சின்ன வசனம் வைத்தார்கள்: அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுகிறவர்களுக்குப் புகலிட உரிமை உண்டு. 1993இல் அதை நன்றாக இறுக்கிவிட்டார்கள், ஆனால் 83க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்கள் "அசூல்" என்று கேட்டு நின்றது அந்த வசனத்தின் மேல்தான். நீங்கள் படிக்கச் சொல்லப்படுகிற அந்தப் பன்னிரண்டு வருசம் நடந்திராவிட்டால் அந்த வசனத்தை அப்படி எழுதியிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இது விளங்கிய நாளில் என் கோபம் போய்விட்டது.

மகள் இங்கேயே படித்து ரியால்ஷூல முடித்தவள். அவளும் எழுத வேண்டுமா? மூத்த மகனின் பழைய கேள்விப் புத்தகம் எனக்குப் போதுமா?
வாசகி, பிராங்பேர்ட்

மகளுக்குத் தேவையில்லை, இங்கத்தைய பாடசாலைச் சான்றிதழே போதும். பழைய புத்தகம் வேண்டாம். 2024இல் கேள்விகளை மாற்றினார்கள், யூதர்களின் வாழ்க்கை, இஸ்ரேல் பற்றிப் புதுக் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. உங்கள் மாநிலத்துக்கென்று இருக்கிற 10 கேள்வியையும் விடாதீர்கள், அதிலிருந்து 3 வரும், சுலபமான 3.

மதில் விழுந்தது நவம்பர் 9 என்றால், தேசிய நாளை ஏன் ஒக்டோபர் 3இல் வைத்திருக்கிறார்கள்?
வாசகர், மன்ஹைம்

நல்ல கேள்வி. ஒக்டோபர் 3, 1990 இரண்டு ஜேர்மனியும் சட்டப்படி ஒன்றான நாள். நவம்பர் 9ஐக் கொண்டாட்ட நாளாக வைப்பது கஷ்டம், ஏனென்றால் அதே திகதியில் நான்கு விசயம் இருக்கிறது. 1918, பேரரசர் ஆட்சி முடிந்து ஷைடமன் குடியரசை அறிவித்தது. 1923, மியூனிக்கில் ஹிட்லரின் முதல் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்றது. 1938, யூத ஆலயங்களைக் கொளுத்திக் கடைகளை நொறுக்கி, 30,000 அளவில் யூத ஆண்களை முகாமுக்குக் கொண்டுபோன இரவு. அந்த இரவு இருக்கிற திகதியில் எப்படி வாணம் விடுவது?

நான்காவது 1989. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஒக்டோபர் 9, லைப்சிக்கில் 70,000 பேர் திங்கட்கிழமை ஊர்வலம் போனார்கள், பொலிஸ் சுடவில்லை. நவம்பர் 9 மாலை ஷபோவ்ஸ்கி என்ற கிழக்கு ஜேர்மன் ஆளுங்கட்சியின் உயர்பீட உறுப்பினர் பத்திரிகையாளர் கூட்டத்தில் புதிய பயண விதியை வாசிக்கிறார், எப்போதிருந்து என்று கேட்க, கடதாசியைப் புரட்டிவிட்டு, உடனடியாக என்கிறார். அடுத்த நாள் வர வேண்டிய விதி அது. டிவியில் கேட்ட சனம் எல்லைக்கு ஓடியது, போர்ன்ஹோல்மர் வீதிக் காவலருக்கு மேலிடத்திலிருந்து ஒழுங்கான கட்டளை இல்லை, கூட்டம் தாங்காமல் நடுச்சாமத்துக்கு முன்பே திறந்துவிட்டார்கள். மதில் விழுந்த கதை இதுதான், இரண்டு தடவை வாசித்தால் பரீட்சையில் தவறாது.

என் அப்பா 1984இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்தேன் என்கிறார். மதில் 1989 வரைக்கும் இருந்தது என்று படிக்கிறேன். அப்படியென்றால் எப்படி வந்தார்? அவரிடம் கேட்டால் "ரயிலில் வந்தேன்" என்பதோடு கதையை முடித்துவிடுகிறார்.
வாசகி, 24 வயது, ஹம்

அப்பா சொன்னது உண்மை, பிள்ளை. ரயிலில்தான் வந்தார்கள்.

மதில் கிழக்கு ஜேர்மன்காரரை அடைத்து வைக்கக் கட்டியது. வெளிநாட்டவர் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி விசாவோடு ஃபிரீட்ரிக்ஷ்ட்ராசே ரயில் நிலையத்துக்கு வரலாம். நிலையம் கிழக்கில் இருந்தது, ஆனால் மேற்குக்குப் போகிற ரயிலும் அங்கிருந்தே புறப்பட்டது. கிழக்குக் காவலர் கடவுச்சீட்டைப் பார்த்து விட்டுவிடுவார்கள். ஏறி மேற்கில் இறங்கினால் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஏன்? முதல் கடிதத்தில் சொன்ன அந்த நான்கு நாடுகள். மேற்குத் தரப்புக்கு பேர்லின் நால்வருக்கும் பொதுவான ஒரே நகரம், நடுவில் இருப்பதை நாட்டு எல்லையாக ஏற்கவில்லை, ஏற்காத எல்லையில் கடவுச்சீட்டு எப்படிப் பார்ப்பது? எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அந்த வழியால் வந்து சேர்ந்தார்கள். 1985இல் மேற்கு ஜேர்மனி கொடுத்த அழுத்தத்தில், போகிற நாட்டுக்கு விசா இல்லாத தமிழரை ஏற்றுவதை கிழக்கு நிறுத்தியது. உங்கள் அப்பா அதற்கு முன் வந்தவர்.

அவர் கடந்துபோன மண்டபம் இன்னும் இருக்கிறது. மேற்கிலிருந்து வந்த உறவுகளை அழுது வழியனுப்பிய இடம் என்பதால் ட்ரெனன்பலாஸ்ட், கண்ணீர் மாளிகை, என்று பெயர். இப்போது அருங்காட்சியகம், அனுமதி இலவசம், திங்கட்கிழமை பூட்டியிருக்கும். கடவுச்சீட்டு பார்த்த அந்த ஒடுங்கிய மரக் கூண்டையும் வைத்திருக்கிறார்கள், ஒரு ஆள் நின்றால் நிறைந்துவிடும். பரீட்சைக்கு முன்பே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூண்டுக்குள் அவரை முதலில் போகவிட்டு, நீங்கள் வெளியே நில்லுங்கள். எந்த மாதம், கையில் என்ன பை, கூட யார் வந்தது என்று அங்கே வைத்துக் கேளுங்கள்.