கோடு ஏன் கோணுகிறது? தொழில்நுட்பப் படங்கள்: வாசகர் கேள்வி–பதில்

ஐகான்கள், வடிவ நூலகங்கள் இவற்றை வைத்துப் படம் வரைவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: நெட்வொர்க் வரைபடத்துக்காக நாலைந்து இடங்களிலிருந்து ஐகான்களை இறக்கினேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. ஒரே பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிப் பார்த்தும் சரியாகவில்லை.

அளவு ஒன்றாகிவிட்டது, கோட்டின் தடிமன் ஒன்றாகவில்லை. ஃபெதர், லூசிட், டேப்ளர் ஆகிய தொகுப்புகள் 24-க்கு 24 கட்டத்தில், 2 அலகுக் கோட்டில் வரையப்பட்டவை. பூட்ஸ்டிராப் ஐகான்களுக்கு 16-க்கு 16 கட்டம், கோடு பெரும்பாலும் 1 அலகு. இரண்டையும் 48 பிக்சலுக்கு இழுத்தால் முதல் வகையின் கோடு 4 பிக்சல் ஆகும், இரண்டாவதன் கோடு 3 பிக்சலில் நிற்கும். பார்ப்பவருக்கு ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும், எது என்று சொல்லத் தெரியாது.

அடுத்த சிக்கல் ஓரத்து வெற்றிடம். சில ஐகான்கள் சட்டத்தை முழுக்க நிரப்பும், சில நாலு பக்கமும் இடம் விட்டு நடுவில் சிறியதாக உட்கார்ந்திருக்கும். அகலமும் உயரமும் ஒன்றாகப் போட்டாலும் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறியதாகவும் தெரிவது இதனால்தான். உள்ளே நிறம் நிரப்பிய ஐகானையும் வெறும் கோட்டு ஐகானையும் கலந்தால் இன்னும் மோசம். நிரப்பியதுதான் முக்கியமான கருவி போலிருக்கிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஒரே குடும்பத்து ஐகான்களைத் தேர்ந்தெடுங்கள். அதில் கிடைக்காத இரண்டு மூன்றை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அதே கட்டத்தில், அதே தடிமனில் நீங்களே வரையலாம். அதற்கும் நேரமில்லையென்றால் பெயர் எழுதிய செவ்வகம் போதும். பொருந்தாத ஐகானைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: டிரா.ஐஓ என்ற படம் வரையும் மென்பொருளில் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தால், நேராக வரவேண்டிய கோடு நடுவில் சின்னதாக ஒரு படி இறங்கிப் போகிறது. கையால் எவ்வளவு நகர்த்தினாலும் போகவில்லை.

கை மேல் தப்பில்லை, பெட்டியின் உயரத்தில்தான் தப்பு. அங்கே கட்டத்தின் இயல்பான அளவு 10. ஒரு பெட்டியின் உயரம் 60, இன்னொன்று 50 என்று வையுங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தால் முதல் பெட்டியின் மையம் 30-இல் விழும், அடுத்ததன் மையம் 25-இல். மையத்திலிருந்து மையத்துக்குப் போகும் கோடு அந்த 5 அலகை எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? கட்டத்தில் ஒட்டும் வசதி இயங்கும்வரை 10, 10 ஆகத்தான் நகர்த்த முடியும். அந்த 5 ஒருநாளும் தீராது.

உங்கள் நூலகத்தில் எல்லா வடிவங்களின் அகலத்தையும் உயரத்தையும் 20-இன் மடங்காக வைத்துவிடுங்கள்: 40, 60, 80, 120. மையம் எப்போதும் கட்டத்தின் மேலேயே விழும். ஏற்கெனவே வரைந்த படமென்றால் ஒவ்வொரு வடிவத்தையும் சொடுக்கி, வலப்பக்கம் ‘அரேஞ்ச்’ தாவலில் எண்ணைத் தட்டி மாற்றுங்கள். ஒட்டும் வசதியை அணைத்துவிட்டு மூலையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யப் போனால் 47, 53 என்று புதிய கோணல்தான் வந்து சேரும்.

கேள்வி: அதே மென்பொருளில் சில கோடுகள் பெட்டியை நகர்த்தும்போது பக்கம் மாறிப் போய் ஒட்டுகின்றன. நான் இறக்கிய எஸ்விஜி (படத்தைக் கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கும் கோப்பு) ஐகான்களிலோ கோடு ஐகானைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிடுகிறது.

முதலாவது, ஒட்டும் விதத்தைப் பொறுத்தது. கோட்டின் முனையை வடிவத்தின் மேல் கொண்டுபோகும்போது வடிவம் முழுவதையும் சுற்றி நீல விளிம்பு வந்தால் அது மிதக்கும் இணைப்பு. பெட்டியை நகர்த்தினால் வசதியான பக்கத்துக்குக் கோடு தானாகவே மாறிக்கொள்ளும். சிறிய பெருக்கல் குறி ஒன்றின் மேல் முனையை வைத்து அது பச்சையானால் நிலையான இணைப்பு. எங்கே நகர்த்தினாலும் அதே புள்ளியில்தான் இருக்கும். ஸ்விட்சின் 3-ஆம் போர்ட், மோட்டாரின் முனை என்று இடத்துக்கு அர்த்தம் உள்ள படத்தில் நிலையானதைப் பயன்படுத்துங்கள். அர்த்தமில்லாத இடத்தில் மிதக்க விடுவதே நல்லது. எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்ற கவலையை மென்பொருளே பட்டுக்கொள்ளும்.

இரண்டாவதற்குக் காரணம் முன்பு சொன்ன ஓரத்து வெற்றிடம். கோடு ஐகானின் சட்டத்தைத் தொட்டு நிற்கிறது. சட்டம் கண்ணுக்குத் தெரியாததால் அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. ஐகானை இங்க்ஸ்கேப்பில் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+ஷிப்ட்+ஆர் அழுத்துங்கள். பக்கம் ஓவியத்தின் அளவுக்குச் சுருங்கும். அதைச் சேமித்து மறுபடி உள்ளே இழுங்கள். சுருங்கிய ஐகான் சதுரமாக இருக்காது என்பதை மறந்து 60-க்கு 60 என்று தட்டினால் ஓவியம் நசுங்கும். விகிதத்தைப் பூட்டிவிட்டு உயரத்தை மட்டும் மாற்றுங்கள். தேவையான இடத்தில் இணைப்புப் புள்ளி இல்லையென்றால் வலது கிளிக்கில் புள்ளிகளைத் திருத்தும் கட்டளை உண்டு.

இவ்வளவும் செய்த ஐகானை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஃபைல் மெனுவில் புதிய நூலகம் ஒன்றைத் தொடங்கி அதற்குள் இழுத்துப் போட்டு, பெயர் கொடுத்துச் சேமியுங்கள். நூலகம் ஒரு எக்ஸ்எம்எல் கோப்புதான். குழுவில் எல்லோருக்கும் அனுப்பலாம், பதிப்புக் கட்டுப்பாட்டிலும் வைக்கலாம். இருபது முப்பது வடிவம் இருந்தால் போதும். எல்லா நூலகங்களையும் திறந்து வைத்துக்கொண்டு வரைபவர், ஒரே படத்தில் மூன்று விதமான டேட்டாபேஸ் உருளைகளைப் போட்டிருப்பார்.

கேள்வி: படத்தை எஸ்விஜி-யாக ஏற்றுமதி செய்து ஆவணத்தில் சேர்த்தால் எழுத்தெல்லாம் காணாமல் போய், அடியில் ‘டெக்ஸ்ட் இஸ் நாட் எஸ்விஜி’ என்று ஒரு வரி வருகிறது. பிரவுசரில் திறந்தால் சரியாகத் தெரிகிறது.

பிரவுசரில் மட்டும் தெரிகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. டிரா.ஐஓ எழுத்துகளை எச்டிஎம்எல்-ஆக வைத்து, ‘ஃபாரின் ஆப்ஜெக்ட்’ என்ற உறைக்குள் போட்டு எஸ்விஜி-யில் செருகுகிறது. பிரவுசருக்கு எச்டிஎம்எல் தெரியும், ஆவண மென்பொருள்கள் பலவற்றுக்கும் இங்க்ஸ்கேப்புக்கும் அந்த உறையைப் பிரிக்கத் தெரியாது.

கன்ட்ரோல்+ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். ‘டெக்ஸ்ட்’ தாவலில் ‘வேர்ட் ராப்’, ‘ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்’ இரண்டிலும் உள்ள டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: நீளமான லேபிள்கள் மடங்காமல் ஒரே வரியாக ஓடும், மடிக்க வேண்டிய இடத்தில் நீங்களே வரி உடைக்க வேண்டும். ஒரு லேபிளுக்குள் பாதியை மட்டும் தடித்த எழுத்தாக வைத்திருந்தால் அதுவும் போய்விடும்.

லேபிள் தமிழில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பெறுபவரின் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், சொல் பெட்டியை விட்டு வெளியே வழியும். வெளியே அனுப்பும் படத்தை பிடிஎஃப்-ஆகக் கொடுத்துவிடுவது உத்தமம்.

கேள்வி: விசியோ மென்பொருளின் ஸ்டென்சிலில் (வடிவ நூலகக் கோப்பில்) ரவுட்டர் வடிவத்தைத் திருத்தினேன். பழைய படங்களில் எதுவுமே மாறவில்லை. நூலகம் என்று பெயர் வைத்துவிட்டு இதென்ன?

ஸ்டென்சிலிலிருந்து ஒரு வடிவத்தை முதல்முறை படத்துக்குள் இழுக்கும்போதே அதன் நகல் ஒன்று அந்தக் கோப்புக்குள் குடியேறிவிடும். அதற்கு ஆவண ஸ்டென்சில் என்று பெயர். படத்தில் உள்ள ரவுட்டர்கள் எல்லாம் அந்த நகலின் பிள்ளைகள். வெளியே இருக்கும் ஸ்டென்சிலுக்கும் அவற்றுக்கும் அதோடு உறவு முடிந்தது. ஸ்டென்சில் கோப்பு தொலைந்தாலும் படம் திறக்க வேண்டுமே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

‘மோர் ஷேப்ஸ்’ பட்டியலில் ஆவண ஸ்டென்சிலைக் காட்டச் சொல்லி, அங்கே உள்ள மாஸ்டரை, அதாவது மூல வடிவத்தை, திருத்துங்கள். அந்தக் கோப்பிலுள்ள எல்லா ரவுட்டர்களும் மாறும். யாராவது ஒரு ரவுட்டருக்குத் தனியாக நிறம் மாற்றியிருந்தால் அதன் நிறம் மட்டும் அப்படியே இருக்கும். நாற்பது கோப்பு என்றால் நாற்பது முறை செய்ய வேண்டியதுதான். அங்கே ‘ரவுட்டர்’, ‘ரவுட்டர்.23’ என்று இரண்டு மாஸ்டர்கள் தெரிந்தால், திருத்தியதற்கு முன்பும் பின்பும் ஸ்டென்சிலிலிருந்து இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள். படத்தில் இரண்டு தலைமுறை ரவுட்டர்கள் கலந்திருக்கும்.

மின்சுற்றுப் படம் வரையும் கீகேட் மென்பொருளிலும் இதே கதைதான். 6-ஆம் பதிப்பு முதல் குறியீடுகள் சுற்றுப்படக் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. அங்கே நூலகத்திலிருந்து புதுப்பிக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது.

கேள்வி: கீகேட் பற்றியே ஒன்று. கோடு குறியீட்டின் ‘பின்’னை (இணைப்பு முனையை) தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, சோதனையில் மட்டும் ‘பின்’ இணைக்கப்படவில்லை என்கிறது.

பின்னின் முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சின்ன வட்டம் இன்னும் இருந்தால் இணைப்பு இல்லை. கோட்டின் முனையும் பின்னின் முனையும் ஒரே புள்ளியில் விழ வேண்டும், பக்கத்தில் விழுந்தால் கணக்கில் வராது. சுற்றுப்படக் கட்டம் 50 மில், அதாவது 1.27 மில்லிமீட்டர். நடுவில் யாரோ கட்டத்தை 25-க்கு இறக்கி ஒரு குறியீட்டை வைத்துவிட்டு மறுபடி 50-க்கு ஏற்றியிருப்பார்கள். இடம் தவறியவற்றைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் கட்டத்தோடு சீராக்குங்கள். பிறகு கட்டத்தைத் தொடாதீர்கள். எழுத்தை நகர்த்த மட்டும் இறக்கலாம், முடிந்ததும் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: மின்தடைக்கு ஒரு நூலகத்தில் வளைந்து நெளிந்த கோடு, இன்னொன்றில் செவ்வகம். எது சரி?

இரண்டும் சரி, இரண்டையும் ஒரே படத்தில் போடுவது தவறு. செவ்வகம் ஐஇசி 60617 தரத்தின் குறியீடு. நெளிகோடு அமெரிக்க வழக்கம், 1975-இன் ஐஇஇஇ 315 தரத்தில் உள்ளது. லாஜிக் கேட்களிலும் இதே பிளவுதான்: ஐஇசி முறையில் எல்லாமே செவ்வகம், உள்ளே எழுதிய குறிதான் வேறுபாடு. அமெரிக்க முறையில் ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். படிக்கப்போகிறவர் எதில் பழகியவர் என்று பார்த்து ஒன்றை எடுங்கள். லாடெக் ஆவணங்களில் சுற்றுப்படம் வரைய உதவும் சர்க்யூட்டிக்ஸ் தொகுப்பில் இதற்கென்றே ஐரோப்பிய, அமெரிக்கத் தேர்வுகள் உள்ளன. ஆவணத்தின் தலையில் ஒருமுறை அமைத்தால் போதும்.

கேள்வி: குழாய், கருவிப் படம் வரைகிறேன். அழுத்தமானியின் வட்டத்துக்குள் குறுக்குக்கோடு இருக்கும் வடிவம், இல்லாத வடிவம் என்று நூலகத்தில் பல உள்ளன. பார்க்க நன்றாக இருப்பதைப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. கருவிக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஏ 5.1 தரத்தில் அந்தக் கோடுதான் கருவி எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. வெறும் வட்டம் என்றால் ஆலைக்குள், குழாயின் பக்கத்திலேயே. குறுக்கே முழுக்கோடு இருந்தால் கட்டுப்பாட்டு அறைப் பலகையில், இயக்குபவரின் கைக்கெட்டும் இடத்தில். விட்டுவிட்டு வரும் கோடு என்றால் பலகைக்குப் பின்னால். வட்டத்தைச் சுற்றிச் சதுரம் இருந்தால் அது கணினித் திரையில் தெரியும் பொதுக் காட்சி. செங்குத்துக் குழாயில் வைப்பதற்காக வட்டத்தை 90 பாகை சுழற்றினால் குறுக்குக்கோடு நெடுக்குக்கோடாகிவிடும், அதற்கு அந்தத் தரத்தில் பொருளே கிடையாது. வால்வைச் சுழற்றலாம், கருவி வட்டத்தைச் சுழற்றக் கூடாது. திரும்புதடை வால்வைக் கண்ணாடி பிம்பமாகக் கவிழ்க்கும்போதும் கவனம், ஓட்டத்தின் திசையே மாறிவிடும்.

வால்வின் அளவையும் பாருங்கள். குளோப் வால்வுக்கு நடுவில் நிரப்பிய புள்ளி, பால் வால்வுக்கு நடுவில் வெற்று வட்டம். டிரா.ஐஓ-வில் 100 அலகு ஓர் அங்குலம் (ஏ4 தாள் 827-க்கு 1169 என்று இருப்பது அதனால்தான்). 20 அலகு வால்வு காகிதத்தில் சுமார் 5 மில்லிமீட்டர். பெரிய படத்தைப் பாதியாகச் சுருக்கி அச்சிட்டால் இரண்டரை. அதில் வெற்று வட்டம் மையில் அடைந்து புள்ளியாகிவிடும், பால் வால்வு குளோப் வால்வாக மாறும். இறுதி அளவில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிட்டு நூலகத்தின் அளவை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழுதான சர்வரைக் காட்ட கிளவுட் நிறுவனத்தின் ஐகானைச் சிவப்பாக்கலாமா? மற்ற ஐகான்களுக்கு உரிமம் பார்க்க வேண்டுமா?

ஐகானைத் தொடாமல் அதைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் போட்டு, பக்கத்தில் ‘பழுது’ என்று எழுதுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் அது புரியும். தன் கிளவுட் சேவையான அசூரின் ஐகான்களை வெட்டவோ கவிழ்க்கவோ சுழற்றவோ சிதைக்கவோ கூடாது என்று மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கிறது. பொருளின் பெயரும் அருகில் இருக்க வேண்டும். சிஸ்கோவின் நெட்வொர்க் ஐகான்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மாற்றக் கூடாது.

பொது ஐகான்களில் டேப்ளர் எம்ஐடி உரிமம், லூசிட் ஐஎஸ்சி, கூகுளின் மெட்டீரியல் ஐகான்கள் அப்பாச்சி 2.0. ஃபான்ட் ஆசம் இலவசத் தொகுப்பின் ஐகான்கள் சிசி பிஒய் 4.0, பெயர் குறிப்பிட்டே ஆக வேண்டும். அந்தக் குறிப்பு எஸ்விஜி கோப்புக்குள்ளேயே இருக்கும். ஆனால் படத்தை பிஎன்ஜி-ஆக மாற்றியதும் அது போய்விடும், ஆவணத்தில் ஒரு வரி நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: எழுதிய வரிகளைப் படமாக்கும் மெர்மெய்டில் ஆர்க்கிடெக்சர் படம் எழுதினால் சில ஐகான்களுக்குப் பதில் கேள்விக்குறி வருகிறது.

அதில் கூடவே வருபவை ஐந்துதான்: கிளவுட், டேட்டாபேஸ், டிஸ்க், இன்டர்நெட், சர்வர். மற்றவற்றுக்கு ஐகான் தொகுப்பை நிரலில் பதிவு செய்ய வேண்டும். படம் காட்டப்படும் தளம் உங்கள் கையில் இல்லையென்றால் பதிவு செய்ய வழியில்லை. அந்த ஐந்துக்குள் அடங்குங்கள், அல்லது உங்கள் கணினியில் எஸ்விஜி-யாக்கி ஏற்றுங்கள்.