மெக்கானிக்கல் படிப்பும் பாயான் லெப்பாஸும்

வணக்கம் ஐயா,

என் மகன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. தெர்மோடைனமிக்ஸ், பொருள்களின் வலிமை, நீராவிச் சுழலி என்று நான் தொண்ணூறுகளில் படித்த அதே பாடங்கள்தான் இன்னமும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளிலோ ரோபோ, டேட்டா, ஏஐ என்கிறார்கள். பழையதைத் தூக்கிவிட்டு இவற்றை வைத்தால் என்ன?

ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

வணக்கம்.

டேட்டா, ஏஐ வேலைக்கு உதவும் பைத்தான் நிரல்மொழி வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. முதல் ஆண்டிலேயே வரட்டும். எதைத் தூக்குவது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

1972-இல் இன்டெல் வந்ததிலிருந்து பினாங்கு அதிகம் செய்துவருவது சிப்பைப் பேக்கேஜ் செய்து சோதிக்கும் வேலை. அதில் வரும் தலைவலிகள் பலவும் மெக்கானிக்கல் தலைவலிகள். ஒன்றைச் சொல்கிறேன். சிப்பைப் போர்டில் ஒட்டவைக்கும் உலோகப் பற்றாசான ஈயமில்லாத சால்டர் சுமார் 217 டிகிரியில் இறுகுகிறது. அங்கிருந்து அறை வெப்பத்துக்கு ஆறும்போது 10 மில்லிமீட்டர் சிலிக்கான் ஏறக்குறைய 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுருங்கும். அதன் அடியில் இருக்கும் போர்டு 30 மைக்ரான் வரை சுருங்கும். இரண்டையும் சால்டர் விடாமல் பிடித்திருப்பதால் மொத்தமும் அப்பளம் மாதிரி வளைகிறது. மூலையில் இருக்கும் சால்டர் மணிதான் பெரும்பாலும் முதலில் விரிசல் விடும். இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டிச் சூடாக்கினால் எவ்வளவு வளையும் என்று பொறியியல் அறிஞர் திமொஷென்கோ 1925-இலேயே கணக்குப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கின் அடிப்படை உங்கள் மகனின் பொருள்களின் வலிமைப் பாடத்தில்தான் இருக்கிறது.

கோளாறு கேள்வித்தாளில். நீளம், தடிமன், வெப்ப வித்தியாசம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு 'விடை காண்க' என்கிறோம். ஃபேக்டரியில் யார் கொடுக்கிறார்கள்? 'மூணாவது லைன்ல ரிஜெக்ட் ஏறுது, போய்ப் பாரு' என்பார் சூப்பர்வைசர், அவ்வளவுதான். எதை அளப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று தீர்மானிப்பதற்கு நம் தேர்வுகளில் மார்க் இல்லை.

பல்கலைக்கழகங்களைக் கேட்டால், பட்டத்துக்கான அங்கீகார விதிகள் கையைக் கட்டுகின்றன என்பார்கள். மலேசியா 2009-இல் பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது உண்மைதான். ஆனால் படித்து வெளியே வருபவருக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். நேரடித் தீர்வு இல்லாத சிக்கல்களைக் கையாள வேண்டும் என்று அதுவே சொல்கிறது. ஆக, இது வெறும் சாக்கு.

மூன்றாம் ஆண்டில் விரிசல் விட்ட ஒரு போர்டையும் மைக்ராஸ்கோப்பையும் கொடுத்து, ஏன் உடைந்தது என்று கேட்கலாம். எண் எதையும் தரக்கூடாது. பைத்தான் அங்கே தானாக உள்ளே வரும். உடைந்த போர்டுக்கும் பஞ்சமில்லை: நிபோங் திபாலில் உள்ள யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்துக்குப் பத்து காவான் தொழிற்பேட்டை பக்கம்தான், இரண்டாம் பாலம் ஏறினால் பாயான் லெப்பாஸ். 2024-இல் அரசு அறிவித்த செமிகண்டக்டர் திட்டம் 60,000 பொறியாளர்களை உருவாக்கப்போவதாகச் சொல்கிறது. இப்படி எதையாவது பிரித்துப் பார்த்தவர்கள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

அப்புறம், தம்பி தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது ஏன் பழுதானது என்று ஆராயும் ஃபெயிலியர் அனாலிசிஸ் பிரிவைக் கேட்கச் சொல்லுங்கள். ஆட்டோமேஷன் பிரிவுக்கு எல்லாரும் அடித்துக்கொள்வார்கள். இங்கே இடம் கிடைப்பது கொஞ்சம் சுலபம்.