மஞ்சள் பையில் பிவிசி போடாதீங்க: மருத்துவக் கழிவு கேள்வி பதில்

சேலத்துல பாய்லர், ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்துல கிருமியைக் கொல்ற மிஷின்), இன்சினரேட்டர் (கழிவை எரிக்கிற உலை) மூணோடும் பாதி ஆயுசைக் கழிச்சவன். இப்ப ஆஸ்பத்திரிகளுக்கு ஆலோசனை சொல்றேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரைக்கும் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். புதுசா வர்றவங்களுக்கு: மஞ்சள் பைல போறது எரிக்கிறதுக்கு, சிவப்புப் பைல போறது கிருமி நீக்கி மறுசுழற்சிக்கு. தலைப்புல இருக்கிற பிவிசி, டிரிப் டியூப்ல இருக்கிற பிளாஸ்டிக். ஒரே ஒரு வேண்டுகோள்: "எந்த மிஷின் நல்லது?"னு மட்டும் கேக்காதீங்க.

சூரமங்கலத்துத் தம்பி: அண்ணா, நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து ஆஸ்பத்திரிக் கழிவை மைக்ரோவேவ்ல கிருமி நீக்குற மிஷின் ஒண்ணு செஞ்சிருக்கோம். புகை கிடையாது, டீசல் கிடையாது. அஞ்சு ரோடு சுத்தி இருக்கிற ஆஸ்பத்திரிகள்ல காட்டினோம். எல்லாரும் "நல்லா இருக்கு"ங்கிறாங்க, யாரும் வாங்கல. என்ன தப்பு?

பதில்: தப்பு மிஷின்ல இல்ல தம்பி, நீங்க தட்டின கதவுல.

2016ஆம் வருஷ உயிர் மருத்துவக் கழிவு விதிகளை ஒரு தடவை உக்காந்து படிங்க. 75 கிலோமீட்டர் தூரத்துக்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோட (பல ஆஸ்பத்திரிக் கழிவை வண்டில எடுத்துட்டுப் போய்ச் சுத்திகரிக்கிற இடம்) சேவை கிடைச்சா, ஆஸ்பத்திரி தனியா சுத்திகரிப்பு வசதி வைக்கக் கூடாது. உங்க மிஷினை வாங்கினா அந்த டாக்டர் விதியை மீறினவர் ஆயிடுவார். அதை முகத்துக்கு நேரா சொல்ல வேண்டாம்னுதான் "நல்லா இருக்கு"ன்னு சொல்லி காபி கொடுத்து அனுப்பியிருக்காங்க.

அடுத்தது காசு. ஆஸ்பத்திரி பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு பெட்டுக்கு இவ்வளவுன்னு கட்டுது. கழிவு 50 கிலோவானாலும் 30 கிலோவானாலும் பில் அதேதான். எடையைக் குறைக்கிறேன்னு நீங்க சொன்னா அவருக்கு என்ன லாபம்?

லாபம் பாக்கிறவர் பொது நிலையம் நடத்துறவர். அவர் வலி டீசல். ஈரக் கழிவை எரிக்கிறதுன்னா முதல்ல தண்ணியைக் காய்ச்சுறதுதான். 100 கிலோவில் பாதி தண்ணின்னு வைங்க. வெப்பம் துளிகூட வீணாகலன்னாலும் அந்த 50 கிலோ தண்ணியைச் சூடாக்கி ஆவியாக்கவே மூணரை லிட்டர் டீசல் போகும். அந்த ஆவியை, இன்சினரேட்டர்ல புகையை மறுபடி எரிக்கிற ரெண்டாவது அறையோட 1050 டிகிரிக்கு ஏத்த இன்னொரு மூணு லிட்டர். அதனால அவர்கிட்ட போய் "புகை இல்ல"ன்னு பேசாதீங்க. "சிவப்புப் பைல போக வேண்டியது தப்பா மஞ்சள்ல கலந்து எரியுது, அதை நாங்க கிருமி நீக்கித் துண்டாக்கித் தரோம், மறுசுழற்சிக்காரர் எடுத்துக்குவார், உங்க இன்சினரேட்டர் இத்தனை மணி நேரம் கம்மியா ஓடும்"னு பேசுங்க. கையில கணக்குத் தாளோட போங்க.

மைக்ரோவேவ் விதியிலேயே இருக்கிற முறைங்கிறதால ஒரு கண்டம் தாண்டிட்டீங்க. பட்டியல்ல இல்லாத முறைன்னா மத்திய அரசுகிட்ட போய் "இதுக்கு அளவுகோல் வகுத்துக் கொடுங்க"ன்னு கேட்டு நிக்கணும். திருவனந்தபுரம் சிஎஸ்ஐஆர் ஆய்வகம், எரிக்காமலே கழிவைக் கிருமி நீக்குற 'ஸ்ருஜனம்'னு ஒரு கருவி செஞ்சாங்க. அரசு ஆய்வகம்தான், ஆனா நேரா சந்தைக்கு வரல. 2025 பிப்ரவரியில டெல்லி எய்ம்ஸ்ல வச்சு ஓட்டிப் பாக்கிறதுலதான் ஆரம்பிச்சாங்க.

உடல் உறுப்பு, புற்றுநோய் மருந்துக் கழிவு, பெரிய உலோகம் இதெல்லாம் மைக்ரோவேவுக்கு ஆகாது. விளம்பரத்துல "எல்லாக் கழிவுக்கும்"னு போட்டிருந்தா முதல்ல அந்த வரியை எடுங்க.

அஸ்தம்பட்டி பல் டாக்டர்: பிடுங்கின பல் எந்தப் பை சார்?

பதில்: மஞ்சள். அமால்கம், அதாவது பாதரசம் கலந்த கலவை அடைச்ச பல்லுன்னா மட்டும் மஞ்சளும் வேண்டாம், ஆட்டோகிளேவும் வேண்டாம். சூடு பட்டா பாதரசம் ஆவியாகும். தனி மூடி போட்ட டப்பாவுல சேத்து, பாதரசக் கழிவா ஒப்படைங்க.

ஓமலூர் லேப் டெக்னீசியன்: எங்க ஆட்டோகிளேவ்ல 15 பிஎஸ்ஐ அழுத்தம், ஒரு மணி நேரம் சரியா வைக்கிறோம். ஆனாலும் கிருமி செத்துச்சான்னு பாக்கிற ஸ்போர் ஸ்ட்ரிப் டெஸ்ட் ஃபெயில். ஏன்?

பதில்: பையை இறுக்கிக் கட்டி உள்ள வைக்கிறீங்க. பாக்காமலே சொல்றேன், ஏன்னா நானும் அதே தப்பைச் செஞ்சு ரெண்டு வாரம் கேஜைக் (அழுத்தம் காட்டுற மீட்டரை) குறை சொல்லிட்டிருந்தவன்.

வீட்ல குக்கர்ல ஆவி வந்த பிறகுதான வெயிட் போடுறோம்? உள்ள இருக்கிற காத்து முதல்ல வெளியே போகணும். காத்து தங்கிட்டா கேஜ் 15 காட்டும், ஆனா அதுல பாதி காத்தோட அழுத்தம். உள்ள 121 டிகிரி வராது. கட்டின பைக்கு நடுவுல இன்னும் மோசம். பை வாயைத் தளர்த்துங்க, திணிக்காதீங்க, ஸ்ட்ரிப்பை ஓரத்துல வைக்காம நடுப்பைக்குள்ள வைங்க. காத்தை முதல்லயே உறிஞ்சி எடுக்கிற வேக்குவம் மாடல்ல 121 டிகிரிக்கு 45 நிமிஷம் போதும். உங்களுது சாதா மாடல்னா 60 நிமிஷம், அதுவும் 121ஐத் தொட்ட பிறகு எண்ணணும், சுவிட்ச் போட்டதுல இருந்து இல்ல.

கொண்டலாம்பட்டி நர்சிங் ஹோம் மேனேஜர்: எந்த மிஷின் சார் நல்லது?

பதில்: மேலே முதல் பத்தி.

ஏற்காடு சிஸ்டர்: வணக்கம் சார். மலைமேல சின்ன ஆஸ்பத்திரி. கழிவு எடுக்கிற வண்டி வாரத்துக்கு ரெண்டு தடவை வருது, மழைன்னா அதுவும் இல்ல. 48 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாதுங்கிறாங்க. பிரசவ நஞ்சுக்கொடியை என்ன செய்யறது? காப்பித் தோட்டத்துல ஒரு குழி வெட்டிப் புதைச்சுடலாம்னு எஸ்டேட்ல சொல்றாங்க.

பதில்: சிஸ்டர், குழி வேண்டாம். ஆழக் குழிக்கு விதி இடம் கொடுக்குது, ஆனா பொது நிலையத்தோட சேவையே எட்டாத கிராமத்துக்கும் ஒதுக்குப்புறத்துக்கும்தான், அதுவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோட. ரெண்டு மீட்டர் ஆழம், பாதி நிறைஞ்சதும் சுண்ணாம்பு, மேல மண், பக்கத்துல கிணறு இருக்கக் கூடாது, மண் அரிக்கிற இடமா இருக்கக் கூடாது. சேர்வராயன் சரிவுல இதுக்குத் தகுந்த இடம் எங்க இருக்கு சொல்லுங்க? மேல புதைச்சது கீழ ஊத்துத் தண்ணில வரும்.

48 மணி நேரக் கெடு உடல் பாகத்துக்கும் ரத்தம் பட்ட கழிவுக்கும். நஞ்சுக்கொடிக்குன்னு பூட்டு வச்ச தனி ஃப்ரீசர் ஒண்ணு வாங்கச் சொல்லுங்க. நேரம் தாண்டினா காரணத்தோட வாரியத்துக்கு எழுத்துல தெரிவிக்கணும். வண்டி வராத தேதியை எல்லாம் நோட்ல குறிச்சு வைங்க, அதுதான் உங்களுக்குக் கவசம்.

சூரமங்கலத்துத் தம்பி: அண்ணா, இங்கதான் எனக்கு வழக்கு. சேவை "கிடைச்சா"ன்னுதான விதி சொல்லுது? வண்டியே வரலன்னா அது கிடைக்கிற சேவையா? அப்ப ஏற்காட்டுக்கு எங்க மிஷினை வைக்கலாமே!

பதில்: வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க. ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை வர்ற வண்டி வராத வண்டி இல்ல, தாமதமான வண்டி.

ஆத்தூர் வாசகர்: தம்பி சொல்றதுல நியாயம் இருக்குங்க. ஏற்காடு சேலத்துல இருந்து 30 கிலோமீட்டர்தான், ஆனா 20 கொண்டை ஊசி வளைவு. மேப்ல ஸ்கேல் வச்சு அளக்கிறவங்களுக்கு அது தெரியுமா?

பதில்: தெரியாது. ஒத்துக்கிறேன். ஆனா சிஸ்டரோட பிரச்சினை நஞ்சுக்கொடி. தம்பி மிஷின்ல அதைப் போடவே கூடாது. அப்ப மிஷின் வச்சும் அதே வண்டிக்குத்தான் காத்திருக்கணும்.

சூரமங்கலத்துத் தம்பி: மீதி சிவப்புப் பைக்காவது?

பதில்: மலைமேல துண்டாக்கின பிளாஸ்டிக்கை யார் எடுப்பா? அதுக்கும் ஒரு வண்டி. ஆனா ஒரு வழி இருக்கு. லேப் கழிவு, ரத்த மாதிரி, ரத்தப் பை இதையெல்லாம் இருக்கிற இடத்துலயே கிருமி நீக்கித்தான் வெளியே அனுப்பணும்னு விதியே சொல்லுது. அந்த அளவுக்குச் சின்னதா ஒண்ணு செய்யுங்க. 75 கிலோமீட்டர் விதி குறுக்க வராது. உங்க சந்தை அங்க இருக்கு தம்பி, பெரிய மிஷின்ல இல்ல.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: 2024 டிசம்பர்ல கேரளாக் கழிவை திருநெல்வேலில கொட்டினாங்களே, அதைப் பத்தி உங்க கருத்து?

பதில்: பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி லாரில திரும்பிப் போச்சு. அரசியல் வேற இடத்துல பேசுவோம்.

அம்மாப்பேட்டை வாசகி: வீட்ல அப்பாவுக்கு டிரஸ்ஸிங் பண்ற பஞ்சு, இன்சுலின் ஊசி?

பதில்: மாநகராட்சி ஆளுங்ககிட்ட தனியாக் கொடுங்கம்மா. ஊசியைக் கெட்டியான டப்பாவுல போட்டு மூடிக் கொடுங்க, பெருக்குறவங்க கையும் கைதான்.

கொண்டலாம்பட்டி நர்சிங் ஹோம் மேனேஜர்: சரி சார், மிஷினை விடுங்க. டிரிப் டியூப், கையுறை எல்லாம் மஞ்சள்ல போட்டா என்ன? எப்படியும் எரிக்கத்தானே போறாங்க?

பதில்: இதுக்காகத்தான் தலைப்பையே அப்படி வச்சேன். டியூப்ல பிவிசி இருக்கு. பிவிசில குளோரின். எரிஞ்ச புகை ஆறும்போது, 450ல இருந்து 200 டிகிரிக்குள்ள மெதுவா இறங்கினா அந்தக் குளோரின் டயாக்சின்ங்கிற நச்சாச் சேரும். அனுமதி அளவு ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். நீங்க போடுற ஒரு கட்டு டியூப் அங்க ஒருத்தரோட ரிப்போர்ட்டைக் கெடுக்கும். டியூப், கையுறை, ஊசி கழட்டின சிரிஞ்ச் எல்லாம் சிவப்பு.

அஸ்தம்பட்டி பல் டாக்டர்: கையுறை சிவப்பா சார்?

பதில்: டாக்டர்! ஒரு வரி மேலே பாருங்க.

ஏற்காடு சிஸ்டர்: சார், வண்டி இப்பத்தான் வந்துச்சு. பார்கோடு ஸ்கேன் பண்ண டவர் இல்லைன்னு டிரைவர் பையை எடுக்க மாட்டேங்கிறார்.

பதில்: லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் பக்கம் டவர் கிடைக்கும் சிஸ்டர். பையை ஏத்திக்கிட்டு அங்க போய் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. இன்னிக்கு தேதியும் நேரமும் நோட்ல எழுதிடுங்க.