கூட வேலை பார்த்த நெருங்கிய நண்பர் திடீரென்று இறந்துவிட்டார். அவர் நினைவாக ஆபீஸில் நாங்கள் என்ன செய்யலாம்?

படத்திறப்பு, ஃபிளக்ஸ் எல்லாம் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன், உங்களில் பொறுமைசாலி ஒருவர் அவர் மனைவியோடு சில இடங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். சம்பள விவரமும் பிஎஃப் கணக்கும் ஆபீஸ்காரர்களுக்குத்தான் பிடிபடும், சொந்தக்காரர்களுக்கு அல்ல.

முதலில் அவருடைய செல்போன். ரீசார்ஜ் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வங்கி, இன்சூரன்ஸ் தகவல்கள் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஏடிஎம் கார்டை மட்டும் யாரும் தொட வேண்டாம். நாளைக்கு வாரிசுத் தகராறு வந்தால் முதல் கேள்வியே அதுதான்.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. சான்றிதழில் ஏறப்போகும் பெயரை ஆதாரோடும் பிஎஃப் பதிவோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். நம்மூரில் இனிஷியல்தான் வில்லன். ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயரே முழுசாக நிற்கும். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம், வழங்குபவர் தாசில்தார்.

பிஎஃப்பில் மூன்று படிவங்கள்: சேமிப்புத் தொகைக்கு 20, பென்ஷனுக்கு 10டி, இன்சூரன்ஸுக்கு 5ஐஎஃப். கடைசியைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அதற்கு ஊழியரிடம் பிடித்தம் எதுவும் இல்லாததால் சம்பளச் சீட்டில் அந்தப் பெயரே வராது. பணியில் இருக்கும்போது இறந்தவரின் கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை (உச்சம் 15,000) 35 மடங்காக்கி, பிஎஃப் இருப்பின் சராசரியில் பாதியை 1.75 லட்சம் வரை அதோடு கூட்டுவார்கள். அதிகபட்சம் 7 லட்சம். பிஎஃப் பதிவில் விலகல் காரணத்தை நிர்வாகம் 'பணியில் மரணம்' என்று குறிக்க வேண்டும். வெறும் ராஜினாமா என்று பதிந்துவிட்டால் எல்லாம் சிக்கலாகும். நாமினியாகக் கல்யாணத்துக்கு முன் போட்ட பெயரே இன்னும் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே மனைவிக்குப் பென்ஷன் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை, அந்தத் தொகையில் ஆளுக்கு 25 சதவீதம் தனியாக வரும்.

கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 'அஞ்சு வருஷம் ஆகலையே' என்று யாராவது இழுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இறப்புக்கு அந்த நிபந்தனை கிடையாது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000, எட்டு வருட வேலை என்றால், 26ஆல் வகுத்து 15ஆலும் 8ஆலும் பெருக்குங்கள்: 1,20,000.

பாஸ்புக்கை ஒருமுறை புரட்டுங்கள். வருடத்துக்கொரு முறை 436 ரூபாய் கழிந்திருந்தால் அது மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 2 லட்சம். 20 ரூபாய் கழிந்திருந்தால் சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடு. மரணம் விபத்தால் நேர்ந்திருந்தால் மட்டுமே அந்தப் பணம் கிடைக்கும்.

இனி கூட்டம். எந்தப் படம் என்பதை வீட்டாரே தேர்ந்தெடுக்கட்டும். ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். நாலு பேர் பேசினால் போதும், ஆளுக்கு ஐந்து நிமிடம். மேலதிகாரி முதலில் பேசி இறங்கிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கூட்டம் அவருடையதாகிவிடும். வசூலான தொகையை மேடையில் அறிவிக்காமல் மனைவியின் கணக்கில் போட்டுவிடுங்கள். வாசலில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வையுங்கள். 'நல்ல மனுஷன்' என்று எழுத வேண்டாம், அவர் செய்த ஒரு காரியத்தை, சொன்ன ஒரு வார்த்தையைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அவர் பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் அந்த நோட்டு அவர்களுக்கு.