கேட், கிரில், கைப்பிடி: வாசகர் கேள்விகள்

கே: மாடிப்படிக் கைப்பிடி 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றார்கள். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நம்பி வாங்கினேன். எட்டே மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. (வாசகி, குளச்சல்)

ப: இந்தக் காந்தச் சோதனையை யார் கிளப்பிவிட்டார்களோ, அதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். 304-லும் காந்தம் ஒட்டாது, விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. அப்புறம் அதில் என்ன தெரியும்? 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பாலீஷ் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். உப்புக்காற்று பட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. இரும்பு அறுத்த கிரைண்டர் தட்டாலேயே ஸ்டீலைத் தேய்த்தாலும் இரும்புத்தூள் படிந்து இப்படிப் புள்ளி விழும். கடலோர வீட்டில் நல்ல 304-லும் கறை வரும். மாலிப்டினம் சேர்ந்த 316 தான் அங்கே ஓரளவு தாங்கும். இதையெல்லாம் சொல்ல வேண்டியது பட்டறைக்காரர். உங்கள் மேல் தப்பில்லை அம்மா. பில்லில் 304 என்று இருந்தால், மிச்சத் துண்டு ஒன்றைச் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். 202 என்று வந்தால் விடாதீர்கள்.

கே: பில் வேண்டாம் என்றால் விலை குறைப்பதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். சரியா?

ப: பில் வாங்குங்கள்.

கே: எல்லைக்கு அந்தப் பக்கப் பட்டறையில் பூவேலை கேட்டுக்கு 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ஐந்து மாதமாகியும் கேட் வரவில்லை, பணமும் வரவில்லை. 'கேரளாவில் வந்து கேஸ் போடு' என்கிறார். (களியக்காவிளை)

ப: அவர் சொல்வது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்; நாகர்கோவில் போதும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, டிசைன் படம் எதையும் அழிக்காதீர்கள்.

கே: போனில் படம் காட்டி, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கேட் போட்டேன். ஆறு மாதத்தில் தொங்கிவிட்டது. கேஜ் (தகட்டின் தடிமன் எண்) எதுவும் நான் கேட்கவில்லை. (செங்கோட்டை)

ப: ஏன் கேட்கவில்லை? சேலைக்கு நூல் பார்க்கிறோம், அரிசியைக் கடித்துப் பார்க்கிறோம். வாசல் கேட்டுக்குப் படம் மட்டும் போதுமா? சதுர அடிக் கணக்கில் பைப் மெலிய மெலிய அவருக்கு லாபம். கேஜ் எண் கூடினால் தகடு மெல்லிசு. ஒரு இஞ்ச் சதுரப் பைப் 20 அடி நீளம், 16 கேஜ் என்றால் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 18 கேஜ் ஐந்தரை கிலோ சுமார். கேஜை எழுதி வாங்கி, எடை போட்டுப் பாருங்கள்.

நானும் ஒருமுறை சதுர அடி பேசித்தான் கேட் போட்டேன். மூன்றாவது மழைக்காலத்தில் கீழ்ப்பைப்பில் பெயின்ட் உப்பியது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், உள்ளே போய்விட்டது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டையே வைக்கவில்லை.

கே: தாத்தா காலத்து வார்ப்பிரும்புக் கைப்பிடியில் கொடிப்பூ ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. வெல்டிங் வைக்கலாமா? (தக்கலை)

ப: சாதாரண ராடில் வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். முதலில் சூடேற்றி, நிக்கல் ராடில் பற்றவைத்து, சாம்பலில் மூடி மெதுவாக ஆறவிடத் தெரிந்தவர் கிடைக்கும்வரை பூவைத் துணியில் சுற்றிக் கட்டி வையுங்கள்.